அலமாரி மூட்டை

எங்க குவாரியிலேருந்து லாரி லாரியா ஜல்லி வெளியே போகுது. ஒரே ஒரு மூட்டை மட்டும் எட்டு வருஷமா எங்கேயும் போகல. கல்லைச் சோதிக்கிற லேப் என் பொறுப்பு; அங்கே அலமாரியில பூட்டி வச்சிருக்கேன், சாவி என் இடுப்புல. பெரிய பொக்கிஷம்!

அதுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் நான் கையால பொறுக்கினது. கழுவிக் காய வச்சது. எல்லாப் பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி கச்சிதம். வெளியே குவிஞ்சு கிடக்கிற சரக்கு வேற ரகம். கல்லை உடைக்கிற கிரஷரோட தாடை தேஞ்சு ஒம்பது வருஷமாச்சு, முதலாளி மாத்த மாட்டார். அதனால கல்லு சப்பை சப்பையா வந்து விழுது. சப்பைக் கல் சேர்ந்தா கான்கிரீட் உள்ளே பொத்தல் விழும். இது எங்க கேன்டீன்காரருக்கே தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாதாம்.

சோதனை பண்ண அதிகாரி வருவார். "வெயில்ல நீங்க ஏன் சார்? நம்ம ஆள் அள்ளிட்டு வருவார்"னு மேனேஜர் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைப்பார். அந்த நம்ம ஆள் நான்தான். குவியல் வரைக்கும் நடந்து போயிட்டு, பின்பக்கமா வந்து மூட்டையைத் தூக்குவேன். அதிகாரி அதைச் சல்லடையில சலிப்பார், அளப்பார், "பிரமாதம்"பார். நான் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுட்டு, கல்லை மறுபடி கட்டி வச்சிடுவேன். அந்தக் கல்லுங்களுக்கு வாய் இருந்தா, "வாங்க சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"ன்னு கேட்டிருக்கும்.

போன வாரம் என் தங்கச்சி வந்தா. கட்டிக்கிட்டிருக்கிற வீட்டுக்கு மேல் தளம் போடணும், ஜல்லி எங்க குவாரியிலதான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா.

"வேற இடத்துல வாங்கிக்கோம்மா."

"ஊருக்கெல்லாம் கொடுப்பே, கூடப் பொறந்தவளுக்குன்னா கசக்குதா? அண்ணி சொல்லிக் கொடுத்தாங்களா?" போனைத் திறந்து மூஞ்சிக்கு நேரா நீட்டினா. அவ பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல புதுக் கட்டடம் கட்டினப்போ, ஜல்லிக்கு நான் கொடுத்த சர்டிபிகேட். ஹெட்மிஸ்டரஸ் ரூம்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களாம். "இது யாரு கையெழுத்து? அங்கே எல்லார்கிட்டயும் எங்கண்ணன்னு பெருமையாச் சொன்னேன்!"

நான் சரின்னு தலையை ஆட்டி வச்சேன். எட்டு வருஷப் பழக்கம்.

நேத்து மத்தியானம் போய்ப் பார்த்தா, அவ வாசல்ல எங்க லாரி கொட்டிட்டுப் போயிருக்கு. மறுநாள் காலையில கான்கிரீட். அந்தத் தளத்துக்குக் கீழே படுக்கப் போறது அவ, மாப்பிள்ளை, பாப்பா. குவியல்லேருந்து ஒரு கல்லை எடுத்து அவ உள்ளங்கையில வச்சேன். பிஸ்கட் மாதிரி இருந்துச்சு.

"இதைப் போடாதேம்மா. சர்டிபிகேட் எல்லாம் பொய். சோதனைக்குப் போறது வேற மூட்டை"ன்னு எல்லாத்தையும் கக்கிட்டேன்.

திட்டுவாள்னு பார்த்தேன். வீட்டைக் காப்பாத்தினதுக்கு நல்ல வார்த்தை சொல்லுவாள்னுகூட ஒரு நப்பாசை, வெட்கங்கெட்டவன் நான். அவ கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் மணி பார்த்தா. ரெண்டு.

"அண்ணா, அப்போ ஸ்கூலு?"

நான் அவ கையிலேருந்து கல்லை வாங்கிக் குவியல்ல திரும்பப் போட்டேன்.

"மேல ரெண்டு மாடி இருக்கு. பாப்பா கிளாஸ் கீழே. இப்போ அங்கேதான் உட்கார்ந்திருப்பா." செருப்பை மாட்டிக்கிட்டா. "வண்டியை எடு. முதல்ல குவாரிக்குப் போய் அந்த மூட்டையைத் தூக்கிட்டு வரணும். ஹெட்மிஸ்டரஸ் மேஜை மேல கொட்டி, உன் வாயாலேயே சொல்லு."

"என் வேலை போயிடுமேம்மா"ன்னேன். சத்தியமா, முதல்ல வாயில வந்தது அதுதான்.

அவ என் இடுப்புச் சாவிக்குக் கையை நீட்டினா.