சொன்னவருக்கு உயர்வு இல்லை

ஏசி ஓடியும் பர்சனல் மேனேஜரின் நெற்றியில் வியர்வை. எதிரே கட்டிங் மாஸ்டர் நின்றார்.

அந்தத் தையல் ஆலையில் ஒரு வழக்கம். சம்பள உயர்வு நாளன்று ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஆலையே வந்து போய்விட்டது. மாஸ்டரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவரே வந்துவிட்டார்.

"என்ன சார், என் பேரு தொண்டையில சிக்கிக்கிச்சா?"

"நீங்கதான் அடுத்த மாசம் நின்னுக்கறேன்னு சொல்லிட்டீங்களே மாஸ்டர். போறவங்களுக்கு உயர்வு கிடையாதுன்னு முதலாளி சொல்லிட்டார்."

"போன வருஷம் பூரா துணி வெட்டுனது யாரு, என் ஆவியா? கண்ணு மங்குது சார். துணிக்குப் பதிலா விரலை வெட்டிக்குவேன்னுதான் நிக்கறேன். கடைசிச் சம்பளத்தை வெச்சுத்தானே பணிக்கொடை போடுவீங்க? அதுலதான் கண் ஆபரேஷனே."

மேனேஜர் மேசையைப் பார்த்தார். நியாயம் தெரியாமல் இல்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை வாதாடியிருக்கலாம். போகிறவருக்காகப் பேசினால் எங்கே தன் குட்டும் உடைந்துவிடுமோ என்ற பயம். அவரும் போகிறவர்தான்! வேறு கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. 'முதல்ல உயர்வை வாங்கிக்குங்க, அப்புறம் வாயைத் திறங்க' என்பது மனைவியின் உத்தரவு.

"புது ஆளைப் பழக்கணுமேன்னு முந்தியே சொன்னேன். கமுக்கமா இருந்திருந்தா கெடைச்சிருக்கும், இல்ல சார்?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. முதலாளி! மாஸ்டரைக் கண்டும் காணாதவராக மேனேஜரின் தோளைத் தட்டினார்.

"எல்லாரையும் விட உங்களுக்குத்தான் அதிகம்யா. நம்மளை விட்டுப் போகாத ஆளுக்குச் செஞ்சாத்தான் செஞ்ச மாதிரி."

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ரொம்ப நன்றி சார்" என்றது வாய்.

முதலாளி போனதும் மாஸ்டர் கை நீட்டினார். "சந்தோஷம் சார். உங்களுக்காவது செஞ்சாரே."

குரலில் கிண்டல் இருந்திருந்தால் தேவலை. இல்லை. மேனேஜர் அந்தக் கையைப் பிடித்தார். முகத்தைப் பார்க்கத் திராணியில்லை.

சாயங்காலம் மனைவி போனில் கேட்டாள். "கெடைச்சுடுச்சா?"

"ம்."

"அப்பாடா! நாளைக்கே சொல்லிடுங்க."

"நாளைக்கு வேணாம். மாஸ்டர் போகட்டும்."

"அவர் போக ஒரு மாசம் ஆகுமே! அங்க அதுவரைக்கும் உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருப்பாங்க?"

"இருக்க மாட்டாங்கதான்" என்றார் மேனேஜர். "ஆனா அவர் இருக்கறப்ப என்னால சொல்ல முடியாதும்மா."