நாலாவது விரதம்

ரோகிணி நட்சத்திரம் மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். என் வீட்டில் மட்டும் அந்தக் கார்த்திகையில் நாலு முறை வந்தது.

செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவன் நான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட லாரியில் ஏற்ற மாட்டேன். அதனால் என் மனைவி ஜ்வாலாமாலினி தலையணையை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கி ரோகிணி நோன்புங்க" என்று அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தபோது, அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். நோன்பு நாளில் புருஷனும் பெண்சாதியும் ஒதுங்கிப் படுப்பது எங்கள் ஜைன வீடுகளில் வழக்கம். அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

நானும் கேட்கவில்லை. எடை போடும் ஆள் பாவாடை முதல் லாரி டிரைவர் வரை எல்லோரிடமும் எரிந்து விழுகிற ஆள் நான். வீட்டில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. கேட்டால் உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுவாளே என்று பயம். அந்தக் காரணம் நானாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் தீர்மானமே செய்துவிட்டேன்.

ஆவணியில்தான் எங்கள் கல்யாணம். அறுபத்து நாலாம் வருஷம். அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்தெட்டு. தாம்பத்தியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைத்தெரு ஆட்கள் அளந்த கதைகள். அவர்கள் அளந்ததில் பாதி பொய், மீதி அதைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது. எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு. அந்தப் பக்கம் அம்மா இருமுவாள். இந்தப் பக்கம் நான் விளக்கை அணைத்துவிட்டு, திருட வந்தவனைப் போல எல்லாவற்றையும் சட்டுப்புட்டென்று முடிப்பேன். மாலினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு நோன்புகள் ஆரம்பித்தன. அஷ்டமி, சதுர்த்தசி போதாமல் ரோகிணி வந்தது. ரோகிணி போதாமல் எனக்கே பெயர் தெரியாத விரதமெல்லாம் வந்தது.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலுக்குப் போகிற வழியெல்லாம், "எம் மருமவளாட்டம் நோன்பு இருக்க எவளால முடியும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். பேரன் பேத்திகள் வந்தவாசியில் அண்ணன் வீட்டில் வேண்டிய மட்டும் இருந்தார்கள். அம்மாவுக்குக் குறைச்சல் புண்ணியத்தில்தான். அதையும் மருமகள் கொண்டுவந்துவிட்டாள். தை மாதம் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பங்குனியில் எட்டு நாள் நடக்கும் நந்தீஸ்வர பூசையின் கடைசி நாள், கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் மாலினி ஒரு வருஷத்துக்குப் பிரம்மசரிய விரதம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இந்த வயசுல இந்தத் தாலுக்காவுலயே எவளும் எடுத்ததில்லடா" என்று என்னிடம் சொன்னாள். மாலினியிடமும் சொன்னதாகச் சொன்னாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாளாம். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் பொழுது சாய்ந்த பின் சாப்பிடுவதில்லை. அறுவடைக் காலத்தில் மண்டியை விட்டு வர முடியாது என்பதால், வெயில் தாழும் நேரத்தில் மாலினி கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். அன்றைக்கும் வந்தாள். ஆட்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும். சோற்றில் கை வைக்காமல், ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ஒரு வருஷ விரதமாமே. அம்மா சொன்னாங்க. உனக்கு அதான் இஷ்டம்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்."

அவள் கேரியர் மூடியை டங்கென்று வைத்தாள். "நில்லுங்களேன். ஒரு தடவையாவது குறுக்க நில்லுங்களேன்."

நான் அந்த மூடியை எடுத்துத் துடைத்தேன்.

"ரோகிணி மாசத்துல எத்தினி தடவ வரும்?" என்று கேட்டாள்.

"ஒரு தடவ."

"தெரிஞ்சிதான் கம்முனு இருந்தீங்களா?"

"பயமா இருந்திச்சி. என்னப் புடிக்கலன்னு சொல்லிடுவியோன்னு."

என்னையே பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. "புடிக்காமதான் தெனம் இந்த வெயில்ல கேரியர் தூக்கினு வரேனா? பாவாடை கையில குடுத்தனுப்ப எனக்குத் தெரியாதா?" மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்கு நோவுது. அதான் விஷயம். நீங்க லாரிக்கு நேரமாச்சிங்கற மாதிரி அவசரப்படறீங்க. அந்தாண்ட அத்தை இருமுறாங்க, எனக்கு ஒடம்பே வெறச்சிப் போயிடுது. முன்னாலயும் ஒரு பேச்சு இல்ல, பின்னாலயும் ஒரு பேச்சு இல்ல. அப்புறம் ரோகிணி வராம இன்னா பண்ணும்?"

முதலில் எனக்கு வந்தது வெட்கம். அதன் பின்னாலேயே சந்தோஷம் வந்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. இத்தனை நாள் வேண்டாம் என்று தள்ளியது என்னை அல்ல, என் அவசரத்தை.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது மாலினி" என்றேன். பெரிய தைரியசாலியாக இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"எனக்கு மட்டும் தெரியுமா? கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சிக்கலாம்."

"யாரக் கேக்கறது?"

"என்னக் கேளுங்க. நான் உங்களக் கேக்கறேன்."

பேசிக்கொண்டே இருந்ததில் பொழுது இறங்கிவிட்டது. சோறு அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் பட்டினி. அப்படி ஒரு வயிறு நிறைந்த பட்டினியை நான் கண்டதில்லை.

அதற்கப்புறம் மண்டியைக் கொஞ்சம் முன்னதாகவே பாவாடையிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். அம்மா சாயங்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போனால், புராணம் கேட்டு, பாதி ஊர் வம்பும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அந்த நேரம் எங்களுடையதானது. மல்லாட்டைத் தூசி போகக் குளிப்பேன். சாப்பிடுவோம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, முதல் சில நாட்கள் வெறும் பேச்சுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். எது பிடிக்கும், எது பிடிக்காது, எதற்குப் பயம் என்று கேட்பேன். அவளும் கேட்பாள். எனக்கும் பயம் இருந்தது என்று கேட்டு அவளுக்கு ஆச்சரியம்.

விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள். அவள் 'போதும்' என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நட்சத்திரங்களை வம்புக்கு இழுக்க வேண்டியதில்லை என்று பேசிக்கொண்டோம். நிறுத்துகிறேனா என்று பார்க்கவே சில நாள் 'போதும்' என்றாள். நிறுத்தினேன். மறுபடி சொல்லிப் பார்த்தாள். மறுபடி நிறுத்தினேன். ஒருநாள் அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. அந்த அறையில் நாங்கள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாசி பாதியில் ஒருநாள் அவள் 'போதும்' என்று சொல்லவில்லை. நான்தான் தயங்கினேன். "சும்மா வாங்க" என்று அவளே என்னை இழுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. எங்கே, எப்படி என்று அவள் சொன்னாள், நான் கேட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் முகம் தெரிந்தது. சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டி, இன்னும் நெருங்கி வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. என் தோளில் முகத்தைப் புதைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, வாசுபூஜ்யன் என்று என் பெயரைச் சொன்னாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை. பிறகு வாய் ஓயாமல் பேசினாள். அவள் சின்ன வயதில் ஏரியில் விழுந்தது, அவள் நைனா கோபத்தில் மாட்டு வண்டியைக் கவிழ்த்தது எல்லாம் அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் மண்டியில் நான் யாரையும் திட்டவில்லை. பாவாடை கிட்டே வந்து, "மொதலாளி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்.

எல்லாம் சரி, பங்குனி வந்துகொண்டிருந்தது. "எனக்கு அந்த விரதம் வேணாம் அத்தை" என்று மாலினி சொல்லிப் பார்த்தாள். அம்மா காதில் வாங்கவே இல்லை. "நல்லவளுங்களுக்கு இந்தக் கூச்சம் இருக்கும்" என்றாள். நான் சொன்னபோது, "உன் ஆசைக்கு ஒரு புண்ணியவதியக் கெடுக்காதடா" என்று வாயை அடைத்தாள். வந்தவாசியிலிருந்து உறவுக்காரர்களை வரவழைத்திருந்தாள். பகவான் சந்நிதியில் வாயால் சொன்ன விரதத்தை மீற முடியாது. அத்தனை பேர் பார்க்கும்போது வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டால், இப்போதுதான் கிடைத்த பெண்சாதி ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் மாலினி. எப்படி என்று அவளுக்கும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

பூசையின் கடைசி நாள் கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசை முடிந்து, எங்கள் கோயில் பூசகரான உபாத்தியாயர் இல்லறத்தாருக்கான ஐந்து விரதங்களை வழக்கம்போலச் சொன்னார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, தன் துணையோடு மகிழ்ந்து பிறரை நாடாமை, பொருளில் அளவோடு இருத்தல். நூறு தடவை கேட்டதுதான். காதில் விழுந்து போய்விடும். பிறகு மாலினியை முன்னால் அழைத்தார்.

"எந்த விரதம்மா எடுத்துக்கறே?"

மாலினி கைகூப்பி நின்றாள். "நாலாவது" என்றாள்.

அம்மா பெருமையோடு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பிரம்மசரியம்" என்று உபாத்தியாயர் ஆரம்பித்தார்.

"இல்ல சாமி. அது துறவிங்களுக்கு. இப்ப குடும்பத்துல இருக்கறவங்களுக்குன்னு நாலாவதா ஒண்ணு சொன்னீங்களே, அது. அதத் திருப்பிச் சொல்லுங்க."

அவர் திருப்பிச் சொன்னார். "தன் துணையோடு மகிழ்ந்து, பிறரை நாடாமை."

"அத எடுத்துக்கறேன்."

கோயிலில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இது இன்னாடி விரதம்? இதுல கஷ்டம் எங்க இருக்குது?"

"இருக்குது அத்தை" என்றாள் மாலினி, தலையை நிமிர்த்தி. "பட்டினி கெடக்கறது சுலுவு. ஒருத்தரோட சந்தோஷமா இருக்கறதுக்குத்தான் வாயத் தொறந்து உண்மையச் சொல்லணும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அது கேலி இல்லை. உபாத்தியாயர் அம்மாவைப் பார்த்து, "சாஸ்திரத்துல இருக்கறதுதாம்மா, நான் தரமாட்டேன்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டு மாலினியைக் கேட்டார்.

"எத்தினி காலத்துக்கு? எட்டு நாளா, ஒரு வருஷமா?"

அவள் ஆண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்று, லாரிக்காரனைக் கூப்பிடும் அதே குரலில் கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"ஆயுசுக்கும். எங்க ரெண்டு பேருக்கும்."