ஐஸ்பெட்டிக்குள் ஒரு சல்மன்

“நான் சொல்லுறதை முதல்லை கேளுமப்பா, அது—”

“கேக்கமாட்டன். கொண்டுபோய் ஆத்திலை விடுங்கோ.”

“உது சாகப்போற மீன். முட்டை போட்டிட்டு எப்பிடியும்—”

“சாகட்டும். சட்டப்படி சாகட்டும்!”

கனடாவின் ரூஜ் ஆற்றங்கரைப் பூங்காவில், பிக்னிக் மேசைக்கு இந்தப் பக்கம் பேர்ணடெற், அந்தப் பக்கம் அவள் புருசன் வின்சன்ற். பக்கத்தில் புல்லின் மேல் ஐஸ்பெட்டி. உள்ளே கிடந்த சல்மன் அடித்த அடியில் மூடி எழும்பி எழும்பி விழுந்தது.

செவ்வாய்க்கிழமை வின்சன்றுக்குக் குடியுரிமைக்கான சிற்றிசன்சிப் சோதினை. போன முறை கோட்டை விட்டவர். மில்லிக்கனில் அவர்கள் இருக்கும் பேஸ்மென்றில் மேல்வீட்டுப் பிள்ளைகளின் குதிப்பு ஓயாது. ஆற்றங்கரை என்றால் மனிசன் அமைதியாகப் படிப்பார் என்று நம்பித்தான் பேர்ணடெற் ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு காரை இங்கே திருப்பினாள். அவருடைய தாய் மண்டபம் அகதி முகாமில் கிடக்கிறா. கனடாப் பாஸ்போட் கைக்கு வந்தால்தான் போய் முகத்தைப் பார்க்கலாம்.

அவள் வாஷ்ரூம் போய் வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வின்சன்ற் பேசாலைக் கடலில் மீன் பிடித்து வளர்ந்தவர். முழங்கால் தண்ணீரில், முதுகு வெளியே தெரிய, மீன் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்நீச்சலில் ஏறிப் போனால் கை சும்மா இருக்குமா? புல்லில் விரிக்கக் கொண்டுவந்த சாரத்தை வலையாக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டார்.

“நான் சும்மா சாரத்தை அலசினனான். அது தானா வந்து விழுந்தது.”

“உதைப் போய் ஜட்ஜிட்டைச் சொல்லுங்கோ. மாகாணம் எத்தினை எண்டு கேட்டால் ‘கொஞ்சம் கிடக்கு’ எண்டுறீங்கள். மீன் மட்டும் சாரத்தாலை அள்ளத் தெரியுது. அந்த அறிவிப்புப் போட்டிலை மீன் படத்துக்கு மேலை சிவப்புக் கோடு கீறிக்கிடக்கே, தெரியேல்லையோ?”

“தெரிஞ்சது. தூண்டில் போடக் கூடாது எண்டாக்கும் எண்டு நினைச்சன்.”

பேர்ணடெற் தலையில் கை வைத்தாள்.

“இஞ்சேரும், பின்னாலை பாராதையும்,” வின்சன்றின் குரல் இறங்கியது. “பச்சை உடுப்புக்காரி வாறாள். பெட்டிக்கு மேலை இரும்.”

வெட்கம் கெட்டுப்போய் அவளும் இருந்தாள். பூங்கா ஒஃபிசர் சிரித்த முகத்தோடுதான் வந்தாள். “நைஸ் டே” என்றாள். சல்மன் கீழேயிருந்து ஓங்கி ஓர் அடி அடித்தது. பேர்ணடெற் சேலையோடு ஒருதரம் எழும்பி இருந்தாள்.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? மூடி திறந்தது.

“ஹூஸ் ஃபிஷ் இஸ் திஸ்?”

வின்சன்ற் வாயைத் திறந்தார். பேர்ணடெற் முந்திக்கொண்டாள்.

“மைன்.”

ஒஃபிசர் அவளுடைய காய்ந்த பூசைச் சேலையைப் பார்த்தாள். பிறகு, இடுப்புக்குக் கீழே தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற மனிசனைப் பார்த்தாள்.

“அண்ட் ஹிம்?”

மேசையில் கிடந்த சோதினைப் புத்தகத்தைத் தூக்கி அவர் கையில் திணித்தாள் பேர்ணடெற்.

“ஹி ஸ்ரடி.”

ஒஃபிசர் ஆற்றைக் கைகாட்டினாள். புருசனும் பெண்சாதியும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய் ஆற்றில் சரித்தார்கள். மீன் சற்றுநேரம் மயங்கிக் கிடந்து, வாலை ஆட்டிப் போய்விட்டது. தண்டம் கட்டும் ரிக்கற் பேர்ணடெற்றின் பேரில் எழுதப்பட்டது.

“ஏனப்பா உம்மடை பேரைக் குடுத்தனீர்?” ஒஃபிசர் தூரப் போனபிறகு வின்சன்ற் கேட்டார். “பிடிச்சது நானெல்லோ.”

“நான் போன வருசமே சிற்றிசன்சிப் சத்தியம் எடுத்து முடிச்சிட்டன். என்னை இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. உங்கடை பேரிலை ஒரு கேஸ் விழுந்து, அதாலை உள்ளதும் போச்செண்டால் மாமிக்கு ஆர் பதில் சொல்லுறது?”

வின்சன்ற் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார்.

“நல்ல பெட்டை மீனப்பா. வயிறு முட்டச் சினை...”

“செவ்வாய்க்கிழமை பாஸ் பண்ணாமல் வந்து பேஸ்மென்ற் படி இறங்கிப் பாருங்கோ!”