பாடத் தெரியாதவனின் பாட்டு

என் அண்ணனுக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. அவன் வாயைத் திறந்தால் பக்கத்துப் படகுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். அப்பேர்ப்பட்டவனைத்தான் செத்தபிறகு பாடகனாக்கினார்கள்.

நாட்டின் கலாச்சார நகரம் என்ற பட்டத்துக்கு எங்கள் கடலோர ஊரும் போட்டி போட்டது. நடுவர்கள் வரப்போகிறார்கள் என்றதும் நகராட்சிக் குழு வீடு வீடாகக் கதை தேடி அலைந்தது. குழுத் தலைவர் அண்ணி வீட்டுக்கும் வந்தார்.

"கடல்ல இருக்கறப்போ அவர் ஏதாவது பாடுவாராம்மா?"

"பாட்டா? அவரா?" அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாடுவார்னு சொல்லுங்களேன். பட்டம் கெடச்சா பணம் வரும். மொத வேலையா அந்தத் தடுப்புச்சுவர் முனையில விளக்கு வச்சிடுறோம்."

இருட்டில் அந்த முனையில் மோதித்தான் அண்ணன் படகு உடைந்தது. அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேணாம் அண்ணி. பாப்பா கேட்டுட்டு இருக்கா" என்றேன். அப்பன் செத்தபோது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. நாங்கள் சொல்வதுதான் அவளுக்கு அப்பா.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றாங்க. ஒரு விளக்குக்கு நான் ஒரு பொய் சொல்லக்கூடாதா?"



குழுவே ஆள் வைத்துப் பாட்டெழுதியது. கூலிக்கு வந்த ஒரு பாடகர் அதை உருகி உருகிப் பாடிக் கொடுத்தார். ஒத்திகை, ஒத்திகை என்று அண்ணியைப் பாடாய்ப்படுத்தினார்கள். நடுவர்கள் முன்னால் அவள் பேசி முடித்ததும் அரங்கில் அந்தப் பாட்டு ஒலித்தது. ஒரு நடுவர் கண்ணைத் துடைத்தார். வெட்கங்கெட்ட நானும் அழுதேன். பாப்பா முன்வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

பட்டம் வேறு ஊருக்குப் போனது. விளக்கைப் பற்றிக் கேட்கப் போனால், "இப்ப எங்கம்மா பணம்?" என்று தலைவர் கையை விரித்தார். சுவர் முனை இருட்டாகவே கிடக்கிறது.

நேற்று நான் அண்ணி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள்.

"போதும் நிறுத்துடி" என்றாள் அண்ணி. "உங்கப்பாவுக்குப் பாடவே வராது. விளக்கு வரும்னு அம்மா சும்மா சொன்னேன்."

"பொய்! அப்பா பாடுவாரு!" பாப்பாவுக்கு அழுகை முட்டியது. ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அத்தை, நீ சொல்லு. அப்பா குரல் எப்படி இருக்கும்?"

உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். வலை சிக்கினால் அவன் திட்டுவானே, வாசலில் நின்று என்னைக் "கழுதை" என்று கூப்பிடுவானே, அதில் ஒன்றையாவது அவன் குரலிலேயே சொல்லிக்காட்டலாம் என்று நினைத்துப் பார்த்தேன். சொற்கள் எல்லாம் வந்தன. குரல் மட்டும் அந்தக் கூலிப் பாடகனுடையதாக இருந்தது.