கோல்மனின் நெஞ்சுக்கு ஒரு ஜெபம்

எங்கள் ஊரில் ஒருவருடைய அடக்கத்துக்குப் போகாமல் இருக்க இரண்டே காரணங்கள் செல்லும். ஒன்று, செத்தது நீங்களாக இருக்க வேண்டும். இன்னொன்று, அன்றைக்கென்று பார்த்து ஆஸ்பத்திரியில் உங்கள் முறை வந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேனுக்கு எட்டு மாதம், பத்து மாதம் காத்துக் கிடக்கிறோம். தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும். அதனால் "கால்வே ஆஸ்பத்திரியில் எனக்கு டெஸ்ட்" என்று சொல்கிறவனைப் பார்த்து "தள்ளிப் போடேன்" என்று சொல்லும் ஆள் அயர்லாந்தின் இந்த மேயோ மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ஃபிடெல்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தாள்.

அவள்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசில்லை. கல்யாணமாகி நாற்பது வருஷம். மாடு, புல், மழை, மறுபடி மாடு. தேனிலவுக்குப் போனதோடு சரி, புருஷன் கோல்மன் அவளை எங்கேயும் கூட்டிப் போகவில்லை. நாற்பதாவது வருஷத்துக்கென்று சிட்னியில் இருக்கும் மகள் பரிசு அனுப்பினாள். கிளேர் மாவட்டத்தில் இரண்டு ராத்திரி ஹோட்டல், வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய கோட்டைக்குள் ராஜா காலத்து விருந்து. ஃபிடெல்மா புது ஷூ வாங்கினாள். வாங்கிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், பக்கத்து வயல் ஜார்லத் தன் கொட்டகையில் விழுந்து செத்துப்போனான்.

அடக்கம் வெள்ளிக்கிழமை என்று வானொலியில் வாசித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் பெட்டியைத் தோளில்தான் தூக்குவோம். ஆறு பேர், மூன்று ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒரே உயரம். கோல்மனும் ஜார்லத்தும் ஊரிலேயே நெட்டையான இரண்டு பேர். முப்பது வருஷமாக எந்தப் பெட்டியானாலும் பின்னால் அவர்கள் இருவரும்தான். ஒருவன் கையை இன்னொருவன் தோளில் போட்டுக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் மரத்தில் ஒட்ட நடப்பார்கள். என் அப்பாவைத் தூக்கினார்கள், ஃபிடெல்மாவின் அம்மாவைத் தூக்கினார்கள். நான் நடு ஜோடி. என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஜார்லத்தின் பெண்டாட்டி அஸம்ப்டா செவ்வாய்க்கிழமையே போன் பண்ணினாள். "கோல்மன் தூக்குவான்ல?" என்று மட்டும் கேட்டாள். போனை எடுத்தது ஃபிடெல்மா. அந்த ஒரு நொடியில் அவள் கண் முன்னால் ஷூ பெட்டிதான் நின்றதாம்.

"ஐயோ அஸம்ப்டா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் அவனுக்கு கால்வேயில டெஸ்ட். நெஞ்சுல ஏதோ இருக்குன்னு சந்தேகப்படறாங்க. எட்டு மாசமாக் காத்துட்டிருந்தோம்."

 அஸம்ப்டா, புருஷன் செத்து ஐந்து மணி நேரமே ஆனவள், சொன்னாள்: "அடப் பாவமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? போங்க, போங்க. டெஸ்டை விட்டுடாதீங்க."

போனை வைத்துவிட்டு ஃபிடெல்மா திரும்பினாள். கோல்மன் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "என்னடி சொல்லித் தொலைச்ச?" என்று கத்துவான் என எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிப் பந்தி. ஜூன் மாதம், வெளியே நல்ல வெயில். உள்ளே கல் சுவரும் மெழுகுவத்தியும். வாசலில் வெல்வெட் பாவாடை கட்டிய பெண்கள் ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள், சின்னக் குவளையில் தேன்மது கொடுத்தார்கள். நீளமான பெஞ்சுகளில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், முக்கால்வாசிப் பேர் அமெரிக்கர்கள். எல்லார் கழுத்திலும் குழந்தைக்குக் கட்டுவதுபோல ஒரு துணி. முள்கரண்டி கிடையாது, ஸ்பூன் கிடையாது, ஒரே ஒரு கத்தி. சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்க வேண்டும், பன்றி விலா எலும்பைக் கையால் பிய்க்க வேண்டும். யாழ் வாசித்தார்கள், பிடில் வாசித்தார்கள், பாடினார்கள்.

ஃபிடெல்மா சிரித்தாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. தேன்மது இரண்டு குவளை உள்ளே போனதும் ஜார்லத் அடியோடு மறந்துபோய், வயிறு குலுங்கச் சிரித்தாள். கோல்மன் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சாப்பிடேன். காசு உன் மக குடுத்தது," என்றாள்.

"அங்க இப்ப ஜார்லத் வீட்டுல கூட்டமா இருக்கும்," என்றான் அவன்.

"ஆரம்பிச்சிட்டியா?"

அப்போது அரண்மனைக் காரியக்காரன் வேஷம் போட்டவன் தடியால் தரையைத் தட்டினான். அந்த விருந்தில் இது வழக்கமாம். கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிடித்து, இல்லாத குற்றம் ஒன்றைச் சுமத்தி, பாதாளச் சிறையில் அடைப்பார்கள். அவன் பிரபு வேஷம் போட்டவர் முன்னால் வந்து கெஞ்ச வேண்டும், நன்றாகக் கெஞ்சினால் மன்னிப்பு. காரியக்காரன் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தான். உட்கார்ந்திருந்தும் எல்லோருக்கும் மேலே ஒரு தலை தெரிந்தால் யார் விடுவார்கள்?

"யாரங்கே! பிடியுங்கள் அந்தப் பனைமரத்தை! இவன் தன் கடமையை விட்டு ஓடிவந்த கோழை என்று ஒற்றர்கள் சொல்கிறார்கள்!"

ஊரெல்லாம் சுற்றினாலும் இவ்வளவு சரியாக ஒரு பொய்க்குற்றம் கிடைக்காது. ஜனங்கள் மேசையைக் கத்திப் பிடியால் தட்டினார்கள். இரண்டு சிப்பாய்கள் வந்து கோல்மனின் கையைப் பிடித்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. அமெரிக்கக்காரி ஒருத்தி, "எவ்வளவு நல்லா நடிக்கிறார் உங்க வீட்டுக்காரர்!" என்று ஃபிடெல்மாவின் முதுகில் தட்டினாள்.

அவனைச் சிறையில் தள்ளிக் கம்பிக் கதவு சாத்தின சமயம் ஃபிடெல்மாவின் கைப்பையில் போன் அடித்தது. அஸம்ப்டா.

எடுக்காமல் இருந்திருக்கலாம். ஒரு கையில் எலும்போடும் கழுத்தில் துணியோடும் முற்றத்துக்கு ஓடி வந்து எடுத்தாள்.

"ஃபிடெல்மா, எப்படி இருக்கான்?"

"இருக்கான்... படுத்திருக்கான்."

"அது என்ன சத்தம்? யாரோ கத்தற மாதிரி இருக்கே?"

"டிவி. வார்டுல டிவி போட்டிருக்காங்க."

"ஆஸ்பத்திரின்னா இப்படித்தான், மனுஷனைத் தூங்க விடமாட்டாங்க. சரி, நீ எதுக்கும் கவலைப்படாத. உங்க சினை மாடு இன்னிக்குக் கன்னு போட்டுச்சு. கஷ்டப்பட்டுச்சாம். ஓயின் அப்படியே கோட்டு சூட்டோட போய் இழுத்துப் போட்டுட்டு வந்தான். கிடேரிதான், நல்லா இருக்கு." ஓயின், ஜார்லத்தின் மகன். "அப்புறம் இன்னொண்ணு. ஃபாதர் வந்து ஜெபமாலை சொன்னாரு. வீடு நிறையக் கூட்டம், படிக்கட்டு வரைக்கும் முட்டி போட்டிருந்தாங்க. நாலு பத்து ஜார்லத்துக்குச் சொன்னோம். அஞ்சாவது பத்தைக் கோல்மனோட நெஞ்சுக்குச் சொல்லுங்க ஃபாதர்னு நான்தான் கேட்டேன். ஜார்லத் இருந்தா அதைத்தான் கேட்டிருப்பான். எல்லாரும் சொன்னாங்க. கோல்மன்கிட்ட சொல்லு, தைரியமா இருப்பான்."

நானும் அங்கேதான் இருந்தேன். ஜெபமாலையில் ஐந்து பத்து, ஒவ்வொரு பத்திலும் பத்து முறை அதே ஜெபம். படுக்கையறை வாசலில், வெறுந்தரையில், முட்டி வலிக்க வலிக்கக் கோல்மனின் நெஞ்சுக்காகப் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். மனதாரச் சொன்னேன், அதுதான் எரிச்சல்.

ஃபிடெல்மா "சரி" என்று மட்டும் சொன்னாளாம். போன் முழுக்க எலும்புக் கொழுப்பு ஒட்டியிருந்தது. அந்த முற்றத்தில் நின்று அவள் தன்னையே அருவருப்போடு பார்த்துக்கொண்டாள்.

உள்ளே போனபோது கோல்மனைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்து பிரபுவின் மேசை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். "கோழையே, உன் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது?" என்று காரியக்காரன் முழங்கினான்.

கோல்மன் கழுத்துத் துணியைக் கழற்றி மடித்தான். "நாளைக்கு என் சிநேகிதனோட அடக்கம்," என்றான். "நான் பெட்டி தூக்கணும். நெஞ்சு நோவுன்னு பொய் சொல்லிட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். நீங்க சொன்ன குற்றம் சரிதான்."

 எல்லோரும் கூரை அதிரும்படி சிரித்தார்கள். விசில் அடித்தார்கள். "இதுவரை யாரும் இவ்வளவு அருமையாகப் புளுகியதில்லை!" என்று காரியக்காரன் அவனைக் கட்டிக்கொண்டான். பிரபு மன்னித்துவிட்டார். இன்னொரு குவளை தேன்மது பரிசு. கோல்மன் அதை மேசைமேல் வைத்துவிட்டு நேராக வெளியே நடந்தான்.

கார் நிறுத்துமிடத்தில் ஃபிடெல்மா அவனைப் பிடித்தாள். ஐந்தாவது பத்தைப் பற்றிச் சொன்னாள். கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னாள். அவன் காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஜார்லத்தோட ஜெபத்துலயா? எனக்கா?"

"என்னாலதான். எல்லாம் என்னால. ஒரு ஷூவுக்காக."

"உன்னால இல்ல. நான் அன்னிக்கே போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். நீ பொய் சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு ஃபிடெல்மா. பெட்டிக்குள்ள அவன் இருந்தா, எனக்குப் பக்கத்துல யார் நடப்பா? யார் தோளைப் பிடிச்சுக்கறது? பயந்துட்டேன்."

இருவரும் குடித்திருந்ததால் அன்றைக்குக் கிளம்ப முடியவில்லை. விடிந்ததும் கிளம்பினார்கள். 

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஜார்லத்தின் வீட்டு முற்றத்தில் நாங்கள் வரிசை கட்டிக்கொண்டிருந்தோம். ஜார்லத்தின் இடத்தில் பக்கத்து ஊர் நெட்டையன் ஒருவன், கோல்மனின் இடத்தில் ஓயின். முன்னால் தூக்க ஆள் இருந்ததால் மகனைப் பின்னால் போட்டிருந்தோம். அப்பனுக்குக் காது வரைகூட எட்டாத பையன், அதனால் அவன் தோளில் துண்டை நாலாக மடித்து வைத்துக் கட்டியிருந்தோம். கோல்மன் வந்து "நான் தூக்கறேன்" என்றான்.

"போய்யா," என்றது நான்தான். "நேத்து நெஞ்சு டெஸ்ட், இன்னிக்குப் பெட்டியா? ஒரே நாள்ல ரெண்டு பேரைப் புதைக்க எங்களுக்குத் தெம்பில்ல. போய்ப் பொம்பளைங்களோட நட."

எல்லாரும் அதையே சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னோம். ஒருவன் அவனுக்கு நாற்காலிகூடக் கொண்டுவந்தான்.  முந்தின நாள் முன்பின் தெரியாத நூறு பேர் முன்னால் சொன்னதை எங்கள் ஆறு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை. ஃபிடெல்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அஸம்ப்டா அடுக்களையில் கறுப்புக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். "வந்துட்டீங்களா? என்ன சொன்னாங்க டாக்டர்?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"கடவுளே, உனக்கு நன்றி." சொன்னதோடு நிற்கவில்லை, நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொண்டாள்.

"இல்ல அஸம்ப்டா. டெஸ்டே இல்ல. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல. கிளேர்ல ஒரு கோட்டையில விருந்து. மக டிக்கெட் அனுப்பியிருந்தா. நான்தான் பொய் சொன்னேன். நீ போன் பண்ணப்ப நான் கறி தின்னுட்டிருந்தேன்."

நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. அஸம்ப்டா கத்துவாள், அறைவாள் என்றுகூட ஃபிடெல்மா நினைத்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் சொல்கிறாள்.

"அந்தப் பத்து ஜார்லத்தோடது," என்றாள் அஸம்ப்டா. "அவனுக்குச் சொல்ல வேண்டியதை நான் எடுத்துக் கோல்மனுக்குக் குடுத்தேன். இப்ப அதை யார்கிட்டப் போய்த் திருப்பிக் கேக்கறது?"

அஸம்ப்டா கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டாள்.

"அவனைப் போய்த் தூக்கச் சொல்லு. புள்ளையால முடியாது. நீ என் பக்கத்துல நிக்காத."

கோல்மன் தூக்கினான். விஷயம் என்னவென்று அஸம்ப்டாவே வாசலில் நின்று ஒரே வரியில் எங்களுக்குச் சொன்னாள். ஓயின் துண்டை அவிழ்த்து அவனிடம் கொடுக்காமல் தரையில் போட்டான். கோயில் வரை என் பின்னால் கோல்மன் அழுதுகொண்டே வந்தான். நான் திரும்பவில்லை, பெட்டி தோளில் இருக்கும்போது திரும்பவும் முடியாது.

எல்லாச் சாவுக்கும் அஸம்ப்டாவின் பக்கத்தில் நிற்கிற ஃபிடெல்மா அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம் நின்றாள். புதுஷூ முழுக்கச் சேறு. குழியில் பெட்டியை இறக்கிய பிறகு வழக்கம்போல ஃபாதர் ஜெபமாலையில் ஒரு பத்தைத் தொடங்கினார். முணுமுணுப்பாகத்தான் சொல்வோம். பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் உரக்க வந்தது. பத்து முடிந்தது. ஃபாதர் புத்தகத்தை மூடினார், ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். குரல் நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தப் போனார்கள்.

"விடுங்க," என்றாள் அஸம்ப்டா, குழியைப் பார்த்தபடியே. "அவ சொல்லட்டும்."