ராசிக்கு வைத்த டிராகன்

தைவானின் தைனான் நகரில் என் ஸ்கூட்டர் கடையில் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் வளர்க்கிறேன். அவற்றுக்குக் காரத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும்; தண்ணீரின் பி.எச். ஏறி நிலைத்து நிற்க, வடிகட்டியில் சிப்பி ஓடு நிறைத்திருந்தேன். அப்படியும் தினமும் இறங்கியது. தண்ணீர் வேறு தேநீர் நிறமானது.

தொட்டியருகே நாள் முழுக்கத் தேநீர் குடிப்பவன் என் மச்சினன் கூன்ஷெங்.

"மிச்சத்தை உள்ளே ஊத்துறியாடா?"

"இந்தத் தேயிலையப் போய் மீனுக்கு ஊத்துவேனா மாமா?"

நான் நம்பவில்லை. அவன் தேநீர்க் கெண்டியைப் பிடுங்கிப் பூட்டிவைத்தேன். தண்ணீர் இன்னும் கறுத்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றுகிறான், திருட்டுப்பயல்!

என் மனைவி சூயூன் ஒரு குவளையை நீட்டினாள். நல்ல தண்ணீரில் மரச்சிராய் ஊறி, அதே நிறம்.

"கடைக்கு ராசின்னு தொட்டிக்குள்ள டிராகன் மாதிரி இருந்த மரக்கட்டையை இறக்குனீங்களே, அதோட சிராய். சாயமும் புளிப்பும் அதுலேர்ந்துதான் இறங்குது."

கூன்ஷெங் கையை நீட்டினான்.

"மாமா, டிராகனைப் பூட்டிட்டு என் கெண்டியைக் குடுங்க."