சாம்பலில் ஆறிய அரிவாள்

கத்திக்கோ அரிவாளுக்கோ கண்ட இரும்பையும் எடுக்கிற ஆள் இல்லை நான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் தூக்கிப் போட்டுவிடுவேன். இந்த வைரக்கண்ணு ஆசாரி அடித்த அரிவாள் வாய் மழுங்கியது என்று நீடாமங்கலம் சந்தையில் ஒருத்தன் சொல்லட்டும், பார்ப்போம்!

அந்தத் தை மாதம் மட்டும் என் கை எனக்கே துரோகம் செய்தது. ஆட்சி மாறியும் கூலிச் சண்டை ஓயவில்லை. போலீஸ் கூலிக்காரர் தெருவில் புகுந்து அறுப்பு அரிவாள்களை அள்ளிக்கொண்டு போனது. புதிதாக அடித்தால் உள்ளே தள்ளுவோம் என்று என்னிடமும் சொல்லிவிட்டார்கள். பண்ணையோ ஒருநாள் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டு, மறுநாள் காலை அரிவாளோடு வருகிற உள்ளூர்க்காரருக்கு மட்டும் வேலை என்றது. எவ்வளவு கொழுப்பு!

அன்று சாயங்காலம், பண்ணை வயலில் நடவு நட்ட அம்சம் வந்தாள்.

“நான் நட்ட வயலை எவனோ அறுக்கறதைக் கரையில நின்னு பாக்கணுமா? ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்க ஆசாரியாரே.”

போலீஸ் சொன்னது மறக்கவில்லை. ஆனாலும் உலையை மூட்டினேன்.

வாய் பழுத்துச் சிவந்து, தண்ணீரில் தோய்க்கப் போகிற நேரம், ரோட்டில் ஜீப் சத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தோய்க்காமல் உமிச்சாம்பலுக்குள் செருகிவிட்டேன். ஜீப் நிற்காமலே போய்விட்டது. தண்ணீரில் தோய்ந்தால்தான் இரும்பு கெட்டிப்படும்; சாம்பலில் மெல்ல ஆறினால் மெத்தென்றாகி வளைந்துவிடும். திரும்பக் காய்ச்ச எனக்குத் தைரியம் இல்லை. தீட்டி, எண்ணெய் தடவி, அப்படியே நீட்டினேன்.

அவள் நகத்தால் சுண்டிக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

விடிந்ததும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை, யாரிடம் சொல்ல? தூ, நீயெல்லாம் ஒரு ஆசாரியா என்று என்னையே திட்டிக்கொண்டு, பட்டறைக் கதவைத் திறந்து போட்டே இன்னொன்று அடித்தேன். ஒழுங்காகத் தோய்த்தேன். எதிலும் சுற்றாமல் கையில் பிடித்தபடி வயலுக்கு நடந்தேன்.

அம்சத்தின் அரிவாள் வளைந்துவிட்டிருந்தது. காலால் மிதித்து நிமிர்த்தி நிமிர்த்தி அறுத்துக்கொண்டிருந்தாள். இந்த அரிவாளுக்கு வேலை இல்லை, கரையேறு என்று பண்ணைக் காரியக்காரர் கத்திக்கொண்டிருந்தார்; வரப்பில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றார்.

“தெரிஞ்சேதான் அதைக் குடுத்தேன் அம்சம்,” என்றேன். கையிலிருந்ததை நீட்டினேன்.

“சுண்டினப்பவே எனக்கும் தெரியும்.”

“அப்பறம் ஏன் வாங்கிட்டுப் போனே?”

“நீங்க நடுங்குன நடுக்கத்தைப் பாத்தேன். அது பட்டறையில கெடந்தா ஒங்களைத்தானே புடிச்சுட்டுப் போவான்?”

புதியதை வாங்கிச் சுண்டினாள். கணீரென்றது. காரியக்காரரைத் திரும்பியும் பார்க்காமல் குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

புது அரிவாளைப் பார்த்துவிட்ட போலீஸ்காரர் வரப்பிலிருந்து என்னை நோக்கி வந்தார். நான் நகரவில்லை.